கடுகளவு அயோடின், ஒரு பச்சை லேசர்

அயோடின் ஆவியை அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் பச்சை லேசரை விட்டால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு எரிகிறது. குழாயை மூடிப் பல மாதம் ஆகிவிட்டது, கோடு இன்னும் மங்கவில்லை. கசிவு இல்லை என்று இனி நம்பலாம். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு ஒரு மூலக்கூறு எப்படி அதிர்கிறது, எந்த ஒளியில் உடைகிறது என்று அளந்து பார்க்க முடியுமா? முடியும். லேசருக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம். உழைப்பு முழுக்கக் கண்ணாடிக் குழாயில் போகட்டும்.

எனக்கு வேலை செம்பனை ஆலை ஆய்வகத்தில். எண்ணெயில் கொழுப்பமிலம் பார்ப்பது, ஈரம் பார்ப்பது, நாரில் தங்கிவிட்ட எண்ணெயை ஹெக்சேனில் இறக்கி எடைபோடுவது, இதுதான் அன்றாடம். கண்ணாடிப் பாத்திரங்கள் கைக்குப் பழக்கம். லேசர் புதிது.

அயோடினை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திண்மமாக இருந்தாலும் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். 25 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் ஏறக்குறைய 0.3 டார் (வெளிக்காற்றின் அழுத்தம் 760 டார்). இரண்டே அணு, இரண்டும் கனம், ஆகவே மெதுவாக அதிரும். அதன் நிறமாலைக் கோடுகள் ஒரே வரிசையாக, எண்ணிப் பார்க்கிற மாதிரி விழும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 532 நானோமீட்டர் அலைநீளப் பச்சை லேசரை அயோடின் நன்றாக உறிஞ்சும். இத்தனை வசதி ஒரே பொருளில் வேறெங்கும் கிடைக்காது.

ஈப்போவில் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் ஒரு கடையில் 25 கிராம் புட்டி 65 வெள்ளி (ரிங்கிட்). எதற்கு என்று கேட்டார்கள். ஆலை வேதியியலாளர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டினேன், கொடுத்தார்கள். உண்மையில் தேவை கடுகளவுதான். என் குழாயை நிரப்பும் ஆவியின் எடை ஒரு மில்லிகிராம்கூட வராது.

குழாய்

முதலில் செய்து பார்த்தது, கூம்புக் குடுவையில் அயோடினைப் போட்டுத் தக்கையால் மூடி லேசரை விட்டது. ஊதா ஆவி கண்ணுக்குத் தெரிந்தது. ஆரஞ்சு ஒளிர்வு வரவே இல்லை. காரணம் காற்று. ஒளியை வாங்கிய அயோடின் மூலக்கூறு அதைத் திருப்பி விடுவதற்கு ஒரு மைக்ரோ விநாடி அளவு நேரம் ஆகிறது. 760 டார் காற்றில், அந்த நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான மோதல் நடந்துவிடும். வாங்கிய ஆற்றலை அந்த மோதல்கள் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே காற்றை வெளியேற்றாமல் ஒன்றும் நடக்காது.

அடுத்தது அக்ரிலிக் குழாய், இரண்டு பக்கமும் எப்பாக்சி வைத்து ஒட்டிய கண்ணாடித் தகடு. பார்க்க அழகாக இருந்தது. இரண்டு நாளில் எப்பாக்சி பழுப்பாகிவிட்டது, அக்ரிலிக்கும் மஞ்சள் தட்டியது, உள்ளே போட்ட அயோடின் குறைந்துகொண்டே போனது. ரப்பர் குழாயும் அப்படித்தான், உள்பக்கம் கறுத்து வெடித்தது. அயோடின் பக்கத்தில் நிற்கக்கூடியவை கண்ணாடியும் டெஃப்லானும் மட்டுமே என்று முடிவு செய்தேன்.

சரி, முழுக்கக் கண்ணாடி. 25 மி.மீ. விட்டம், 200 மி.மீ. நீளம் உள்ள போரோசிலிக்கேட் சோதனைக் குழாய், ஒன்று 5 வெள்ளி, ஐந்து வாங்கினேன். சாதாரணச் சோடாக் கண்ணாடி வேண்டாம், தீயில் காட்டினால் வெடிக்கும்.

கழுத்தை ஒடுக்கித் தந்தவர் கடைத்தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஐயா. அவரிடம் காஸும் ஆக்சிஜனும் சேர்ந்த ஊதுவிளக்கு இருக்கிறது. "தம்பி, தங்கம் உருகுறப்போ சொல்லிட்டு உருகும். கண்ணாடி சொல்லாது, நீதான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். குழாயின் வாயிலிருந்து 4 செ.மீ. கீழே ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, இளகியதும் மெல்ல இழுத்தார். பென்சில் கனத்துக்குக் கழுத்து வந்தது. சுவர் மெலியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் கைப்பழக்கம். இழுப்பதற்கு முன் கண்ணாடியைக் கொஞ்சம் தடிக்க விட வேண்டும்.

பம்பு, ஏர்கான் வேலை செய்யும் அண்ணனுடையது. ஏர்கான் குழாயில் காற்றெடுக்கும் இரண்டு அடுக்குப் பம்புதான், இந்த வேலைக்கு அதுவே தாராளம். "என் பம்பு எண்ணெய கெடுத்துடாத லா" என்று மட்டும் சொன்னார். அவர் பயம் நியாயமானது. அயோடின் ஆவி உள்ளே போனால் எண்ணெயும் பித்தளையும் பாழாகும். அதனால் இரண்டு ஏற்பாடு. ஒன்று, ஐஸ் கட்டியைப் பொடித்துக் கல்லுப்பு கலந்து, குழாயின் அடியை அதில் புதைத்தேன். அந்தக் குளிரில் அயோடின் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். இரண்டு, குழாய்க்கும் பம்புக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் புட்டியில் செம்புக் கம்பித் தேய்ப்பானை அடைத்தேன். தப்பி வரும் அயோடினைச் செம்பு பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால் செம்பின் முன்பக்கம் வெளுத்துப் போயிருந்தது, பின்பக்கம் பளபளப்பு அப்படியே இருந்தது. பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் புது எண்ணெய் ஒரு புட்டி 28 வெள்ளிக்கு வாங்கி மாற்றிக் கொடுத்தேன்.

அழுத்தமானி 120 மைக்ரானுக்கு இறங்கியது. அதாவது 0.12 டார். அதற்குக் கீழே போகவில்லை, போகவும் தேவைப்படவில்லை.

அடைப்பதுதான் நெஞ்சு படபடக்கும் கட்டம். பட்டறை வாசல் அஞ்சடியில், அதாவது கடை முன்னாலிருக்கும் நடைபாதையில், வைத்துச் செய்தோம், காற்றோட்டத்துக்காக. முழு முகத்தையும் மறைக்கும் கவசம் இருவருக்கும். பம்பு ஓடிக்கொண்டே இருக்க, பத்தர் ஐயா கழுத்தைச் சுற்றித் தீயைக் காட்டினார். முதலில் தீ மஞ்சளாக மாறியது, கண்ணாடியிலிருக்கும் சோடியம். அப்புறம் கழுத்து இளஞ்சிவப்பு. யாரும் அழுத்தவில்லை, வெளிக்காற்றின் அழுத்தமே இளகிய சுவரை உள்ளே தள்ளியது. ஒரு பக்கம் சிறு குழி விழுந்தது, எதிர்ப்பக்கச் சுவர் அதை நோக்கி வந்தது, இரண்டும் ஒட்டிக்கொண்டன. அந்த இடத்திலேயே இழுத்துத் துண்டித்தார். நுனியில் ஒரு சொட்டு மாதிரி உருண்டு நின்றது.

முதலில் அடைத்த குழாய் மறுநாள் காலை கழுத்தில் விரிசல் விட்டுக் கிடந்தது. சூடு சட்டென்று ஆறியதால் வந்தது. அடுத்ததில் ஆக்சிஜனைக் குறைத்துப் புகையும் மஞ்சள் தீயில் கழுத்தைக் கரி படியும்வரை காட்டி, சுடுமணலில் புதைத்து, இரவு முழுக்க விட்டோம். அந்தக் குழாய்தான் இப்போது என் மேசையில் இருக்கிறது.

லேசர்

38 வெள்ளி விலையில் ஒரு 532 மாட்யூல். லேசரை மூட்டியதும் ஆரஞ்சுக் கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது. குழாயில் குறையோ என்று நினைக்கத் தோன்றும், ஆனால் கோளாறு லேசரில்தான். மாட்யூல் சூடாகச் சூடாக அதன் அலைநீளம் சிறு சிறு படிகளாகத் தாவுகிறது. அயோடினின் கோடுகளோ மிக மெல்லியவை. படி பொருந்தினால் எரியும், பொருந்தாவிட்டால் அணையும். மாட்யூலை அலுமினியக் கட்டையில் இறுக்கி, அடியில் மின்சாரத்தில் குளிர்விக்கும் டிஇசி1-12706 பெல்டியர் தகடு ஒன்றையும் வெப்பத்தை அளக்கும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரையும் வைத்தேன், இரண்டும் சேர்த்து 22 வெள்ளி. பேட்டரியைத் தூக்கிவிட்டு மின்னோட்டத்தை நிலையாகத் தரும் பவர் சப்ளை. வெப்பத்தை மெல்ல மாற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கோடு பளிச்சென்று எரிந்து நிற்கும். அங்கேயே விட்டுவிட வேண்டும். பகலில் 33 டிகிரி வெக்கையில் இது சரிப்படவில்லை, இரவு பத்து மணிக்கு மேல்தான் அமைதியாக நின்றது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மலிவான பச்சை லேசர்களில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் சேர்ந்து வரும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். பழைய வெப்கேமைப் பிரித்தால் உள்ளே அகச்சிவப்பை வடிகட்டும் சிறு கண்ணாடித் துண்டு இருக்கும். அதை எடுத்து லேசரின் வாயில் ஒட்டினேன். கண்ணில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி 135 வெள்ளி, 532-க்கென்றே செய்தது. மொத்தச் செலவில் பெரிய செலவு இதுதான், இதில் பேரம் பேச வேண்டாம். குழாயைத் தாண்டிப் போகும் ஒளியை நிறுத்த, சவர பிளேடுகளை அடுக்கி விளிம்புப் பக்கம் லேசரைப் பார்க்கும்படி வைத்தேன். விளிம்புகளுக்கு நடுவே புகுந்த ஒளி வெளியே வருவதில்லை.

நிறமாலைமானி

ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி இது. அட்டைப் பெட்டி, உள்ளே கறுப்புப் பெயின்ட். ஒளி நுழையும் ஒடுங்கிய பிளவு, அதாவது ஸ்லிட், இரண்டு பிளேடு. நிறங்களைப் பிரிக்க, மில்லிமீட்டருக்கு 1000 கோடுள்ள கிரேட்டிங் படலம் 16 வெள்ளி. வெப்கேமில் ஆரம்பித்தேன், ஒளிர்வு மங்கல் என்பதால் ஒன்றும் பதியவில்லை. கல்யாணப் படம் எடுக்கும் நண்பரின் பழைய டிஎஸ்எல்ஆரை இரவல் வாங்கி, 50 மி.மீ. லென்ஸோடு 30 விநாடி திறந்து வைத்ததும் கோடுகள் தாமாக வந்தன.

அளவு திருத்த சிஎஃப்எல் விளக்கு. பாதரசத்தின் 435.8, 546.1 இரண்டை மட்டும் வைத்து நேர்கோடு போட்டால் சிவப்புப் பக்கம் தள்ளிப் போகிறது. 577.0, 579.1 என்ற மஞ்சள் இரட்டைக் கோட்டையும் சேர்க்க வேண்டும். அந்த இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால் ஸ்லிட் போதுமான அளவு ஒடுங்கிவிட்டது என்று அர்த்தம். சிவப்பு முனைக்கு டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரிலிருக்கும் நியான் பல்பு போதும், 585.2-லும் 640.2-லும் கூர்மையான கோடு தருகிறது. இருபடிக் கோவை போட்டதும் பிழை 0.1 நானோமீட்டருக்கு வந்தது.

எண்கள்

லேசர் 532.1. அதற்குச் சிவப்புப் பக்கம் அடுத்தடுத்து வந்த கோடுகள் 538.2, 544.4, 550.7, 557.2, 563.7, 570.4. ஒரு கோடியை நானோமீட்டரால் வகுத்தால் செ.மீ⁻¹ வரும், ஒளியின் ஆற்றலைச் சொல்லும் அலகு அது. வகுத்துக் கழித்தால் இடைவெளிகள் 213, 212, 210, 212, 207, 208. ஒளியை வாங்கி மேல் ஆற்றல் நிலைக்குப் போன மூலக்கூறு கீழே இறங்கும்போது அதிர்வு ஏணியில் எந்தப் படியில் வந்து நிற்கிறதோ, அதற்கு ஒரு கோடு. ஏணியின் முதல் படி 213 செ.மீ⁻¹ என்பது அயோடினுக்குப் புத்தகத்தில் இருக்கும் எண். அட்டைப் பெட்டியில் அது வந்து விழுந்த இரவு நான் தூங்கவில்லை.

இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. முதல் ஆறு கோட்டில் அது பிழைக்குள் ஒளிந்துகொள்ளும், தூரத்துக் கோடுகளைப் பார்க்க வேண்டும். 636.0-லும் 644.0-லும் வரும் 15, 16-ஆவது கோடுகளுக்கு நடுவே 195-தான். எண்ணும்போது கவனம் வேண்டும். சில கோடுகள் மிக மங்கல், இடைவெளி திடீரென்று இரட்டிப்பானால் நடுவில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடைவெளி இப்படியே நேராகச் சுருங்கிப் பூச்சியமாகும் இடத்தில் மூலக்கூறு உடையும் என்று கணக்குப் போட்டால் 18,700 செ.மீ⁻¹ வருகிறது. அயோடினின் உண்மையான பிணைப்பாற்றல் 12,440. ஒன்றரை மடங்கு வித்தியாசம். மேல் படிகளில் சுருக்கம் நேர்கோட்டைவிட வேகமாகிறது, ஏணியின் அடியில் நின்று உச்சியைக் கணிக்க முடியாது.

ஆகவே உடையும் இடத்துக்கு வேறு வழியில் போனேன். 12 வோல்ட் ஹாலஜன் விளக்கின் வெள்ளை ஒளியைக் குழாயின் நீளவாக்கில் விட்டு, அயோடின் எதை உறிஞ்சுகிறது என்று பார்த்தேன். ஹேர் டிரையரால் குழாயை இலேசாகச் சூடாக்கியதும் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே இருண்ட பட்டைகள் வரிசையாக வந்தன. 541.2, 539.0, 536.9 மூன்றும் அடையாளப் பட்டைகள், அவற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றை எண்ணிவிடலாம். அங்கே இடைவெளி 75 செ.மீ⁻¹, நீலத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி, 510-க்கு அருகில் என் பெட்டியால் பிரிக்க முடியாமல் கலந்துவிடுகின்றன. வரைந்து நீட்டியதில் எல்லை 20,000-க்கும் 20,200-க்கும் நடுவே வந்தது. ஏற்கப்பட்ட மதிப்பு 20,043, அலைநீளத்தில் 499 நானோமீட்டர். அந்த எல்லையில் மூலக்கூறு ஒரு சாதாரண அணுவாகவும், 7,603 செ.மீ⁻¹ ஆற்றலைக் கூடுதலாக வைத்திருக்கும் இன்னோர் அணுவாகவும் பிரிகிறது. அதைக் கழித்தால் 12,440.

499-க்கு நீலப் பக்கம் போனால் ஒளிர்வு நிற்க வேண்டும். முதலில் கையிலிருந்த 405 நானோமீட்டர் ஊதா லேசரை விட்டேன், ஒளிர்வு இல்லை. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அயோடின் அங்கே ஒளியையே வாங்குவதில்லை. 48 வெள்ளிக்கு 450 மாட்யூல் வாங்கி, குழாயை 60 டிகிரிக்குச் சூடாக்கி, மறுமுனையில் ஒளியை அளக்கும் ஃபோட்டோடையோடு ஒன்றை வைத்தேன். ஒளி உறிஞ்சப்படுவது தெளிவாகத் தெரிந்தது, ஆரஞ்சு துளியும் இல்லை. அதே சூட்டில் 532-ஐ விட்டால் ஒளிர்வு, மங்கினாலும், இருக்கிறது. வாங்கிய ஒளி ஒளியாகத் திரும்பவில்லை, மூலக்கூறு உடைந்துவிட்டது. உடைந்த அணுக்கள் சுவரிலோ ஒன்றையொன்று சந்தித்தோ மறுபடி சேர்ந்துவிடும், அதனால் குழாயில் அயோடின் தீர்ந்துபோவதில்லை.

அணைவுகள்

இந்த வேலைக்கு என்னை இழுத்துவந்தது 1970-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லெவி, லெனார்ட் வார்ட்டன், ரிச்சர்ட் ஸ்மாலி ஆகியோர் செய்த சோதனைகள். ஸ்மாலி 1996-இல் வேறு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றவர். வாயுவை நுண்துளை வழியே வெற்றிடத்துக்குள் பீய்ச்சிக் கடுங்குளிராக்கி, அயோடினோடு ஒரு ஹீலியம் அணு மெல்ல ஒட்டிக்கொண்ட அணைவைச் செய்தார்கள். லேசர் அயோடினை அதிர வைத்ததும், அதிர்வில் ஒரு படி ஆற்றல் அந்த மெல்லிய ஒட்டுக்குக் கசிந்து, ஹீலியம் பிய்த்துக்கொண்டு போகிறது. மிஞ்சிய அயோடின் ஒரு படி கீழிருந்து ஒளிர்கிறது. எந்தப் படியிலிருந்து ஒளி வருகிறது என்று பார்த்தே அணைவு உடைந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆர்கான் இன்னும் இறுக்கமாக ஒட்டுவதால், அதைப் பிய்க்க மூன்று படி வேண்டும்.

அந்தப் பீய்ச்சலை ஏர்கான் பம்பில் செய்ய முடியாது. வீட்டில் பார்க்கக்கூடிய அணைவு இன்னொன்று இருக்கிறது. ஆய்வக ஹெக்சேனில் ஒரு துணுக்கு அயோடினைப் போட்டால் ஊதா, உறிஞ்சல் உச்சி 520 பக்கம். சாராயத்தில் போட்டால் பழுப்பு, உச்சி 445 பக்கம் நகர்ந்துவிடும். சாராயத்தின் ஆக்சிஜன் அயோடினோடு எலக்ட்ரானைப் பகிர்ந்து ஓர் அணைவு கட்டுகிறது. அதே பெட்டி, அதே ஹாலஜன் விளக்கு, இரண்டு சின்னப் புட்டி, வேலை அவ்வளவுதான். ஹெக்சேன் பக்கத்தில் தீ கூடாது, ஹாலஜன் பல்பின் சூட்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். இரண்டு கரைசலிலும் பச்சை லேசரை விட்டுப் பார்த்தேன், ஆரஞ்சு வரவில்லை. சுற்றிலும் நெருக்கிக்கொண்டு நிற்கும் திரவ மூலக்கூறுகள் ஒளிர்வதற்கு அவகாசம் தருவதில்லை.

செலவும் அடுத்ததும்

ஹாலஜன் விளக்கு, பிளேடு, செம்புத் தேய்ப்பான், கல்லுப்பு எல்லாம் சேர்த்து 20 வெள்ளி. மொத்தம் 397. கேமரா, பம்பு, பவர் சப்ளை இரவலும் பழையதும் என்பதால் கணக்கில் இல்லை. பத்தர் ஐயா காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த குழாயை 400 மி.மீ. நீளத்தில் செய்யப் போகிறேன். உறிஞ்சல் பட்டைகள் சூடாக்காமலே தெரியும். முனையைத் தட்டையாக்க முடிந்தால் லேசர் சிதறுவது குறைந்து, 538 கோடு லேசரின் பளபளப்பிலிருந்து விலகித் தெளிவாக நிற்கும். இப்போது அது பாதி மூழ்கிக் கிடக்கிறது. 450-க்குப் பதில் 488 மாட்யூல் வேண்டும், அங்கே அயோடின் பல மடங்கு அதிகம் உறிஞ்சுவதால் சூடு தேவைப்படாது. விலைதான் இன்னும் இறங்கவில்லை. ஸ்லிட்டுக்குப் புது பிளேடு மட்டுமே போடுங்கள், ஒருமுறை சவரம் செய்த பிளேடின் விளிம்பு படத்தில் கோடு கோடாக விழுகிறது.